லிஸ்பனுக்கு முதல் நூற்று இருபத்திரண்டு கிலோமீட்டர்

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பயணத் திட்டம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, மும்பையில் வண்டியைக் கப்பலேற்றி, துபாயில் இறக்கி, ஷார்ஜாவிலிருந்து படகில் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து வடக்கே துருக்கி, பிறகு ஐரோப்பா, கடைசியில் போர்ச்சுகலின் லிஸ்பன். சாலைத் தூரம் மட்டும் பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏற்கெனவே மூன்று பதிவுகள் எழுதியிருக்கிறேன். நான்காவதான இது, போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் ஓட்டிய நூற்று இருபத்திரண்டு கிலோமீட்டரைப் பற்றியது. மாவட்ட எல்லையைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் இந்தப் பயணத்தில் இதைவிட நீளமான நாள் இனி வரும் என்று நான் நினைக்கவில்லை.

கிளம்பிய காரணம் காகிதம். நம் வண்டியை வெளிநாட்டுக்குள் ஓட்டிப்போய் வரி கட்டாமல் திரும்பக் கொண்டுவர ‘கார்னே’ என்ற ஒரு புத்தகம் வேண்டும். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரானுக்குள் அது இல்லாமல் நுழைய முடியாது. அதற்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது வண்டியின் ஆர்.சி. அது நம் பெயரில் இருக்க வேண்டும், அல்லது உரிமையாளர் கைப்பட அனுமதிக் கடிதம் தர வேண்டும். நான் ஓட்டும் முந்நூற்றைம்பது சிசி வண்டி என் அண்ணன் ஜெனிஸின் பெயரில் இருக்கிறது. ஜெனிஸ் எட்டு வருடத்துக்கு முன் கடலில் காணாமல் போனான்.

இதை இங்கே நான் இதுவரை எழுதியதில்லை. சொந்த விஷயங்களை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இந்தப் பதிவில் எதுவும் புரியாது.

எங்கள் ஊர் இனயம். எங்கள் ஆட்கள் கொச்சியிலிருந்து விசைப்படகில் கிளம்பி, லட்சத்தீவையும் தாண்டி மேற்கே போய், ஒரு மாதம் நாற்பது நாள் கழித்துக் கரை திரும்புவார்கள். ஜெனிஸ் போன படகில் பதினொரு பேர். ஒரு விடியற்காலையில் சரக்குக் கப்பல் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எட்டுப் பேரை வேறொரு படகு தூக்கியது. மூன்று பேரைக் காணவில்லை. மற்ற இரண்டு வீட்டாரும் மனுக் கொடுத்து, விசாரணை நடந்து, இரண்டு வருடத்துக்குள் இறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் வாங்கவில்லை. அம்மாவுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் அம்மா அவன் வண்டியைக் கழுவித் துடைப்பாள். ரேஷன் அட்டையில் அவன் பெயரை எடுக்கவில்லை. கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி ஊரே கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது அம்மா வீட்டிலேயே இருப்பாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

மழை விட்டிருந்த இடைவெளியில் காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினேன். ஆடி மாதத்துக் கடல் சாம்பல் நிறத்தில் தடுப்புக் கற்களின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆண்கள் எல்லோரும் ஊரில் இருந்தார்கள். சிலுவை நட்ட குருசடிப் பக்கம் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா முற்றத்தில் நின்று எங்கே என்று கேட்டாள். வண்டியில் பெட்டி மாட்ட சட்டம் அடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அது பாதி உண்மை. பையில் இருந்த காகிதங்களைப் பற்றிச் சொல்லவில்லை. “மழையில தெறிச்சு ஓட்டாத ஏட்டி, பைய போ” என்றாள்.

இனயத்திலிருந்து கருங்கல் வழியாகக் குழித்துறை பதினெட்டு கிலோமீட்டர். மழைக்காலத்தில் நாற்பத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சாலை குறுகல், ரப்பர் பால் ஏற்றிய ஆட்டோக்கள் எந்த வளைவிலிருந்தும் வரும். குழித்துறையில் ஆற்றங்கரையில் வாவுபலிப் பொருட்காட்சிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடி அமாவாசைக்கு அந்த ஆற்றில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் மூழ்கி எழுந்து இறந்தவர்களுக்குப் பலி கொடுப்பார்கள். கரையில் ராட்டினமும் அப்பளக் கடையும் இருக்கும். சின்ன வயதில் ஜெனிஸ் என்னை அந்த ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் கீழே நின்று கேலி செய்வான். படகில் வாந்தி எடுக்காதவனுக்கு ராட்டினம் ஆகாது.

வக்கீல் அலுவலகம் நீதிமன்றத்துக்கு அடுத்த தெருவில் மாடியில். வக்கீல் என் பள்ளித் தோழியின் அக்கா. எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் கொண்டுபோன காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரைப் பற்றி, சாதாரணமாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க வழி இருக்கிறது. அந்தத் தீர்ப்பை வைத்து இறப்புச் சான்றிதழ், அதை வைத்து வாரிசுச் சான்றிதழ், அதை வைத்து மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி. மாற்றம். அதற்குப் பிறகுதான் கார்னே. இந்த வரிசையில் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது.

பிறகு அவர் வண்டியின் இன்சூரன்ஸ் தாள்களை எடுத்தார். எட்டு வருடத்துக்கு எட்டுத் தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆளைக் காணல்ல, ஒரு தகவலும் இல்லண்ணு மனுவில எழுதப் போறோம். இஞ்ச பார்த்தா அவரு வருஷா வருஷம் ஒரு நாள் தவறாம இன்சூரன்ஸ் கெட்டுகாரு. என்னைவிட ஒழுங்கான ஆளு.”

நான்தான் கட்டினேன். அவன் பெயர், அவன் பிறந்த தேதி, அவன் தொலைபேசி எண். அந்த எண்ணையும் மாதாமாதம் நான்தான் உயிரோடு வைத்திருக்கிறேன். ஒரு வருடம் படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். அவன் போடுவதுபோல ‘ஜெ’வைச் சுழித்துப் போட்டேன். அதையும் மனுவில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றார் வக்கீல் அக்கா. தங்கை அறியாமல் செய்தது என்று எழுதலாம் என்றார். அறியாமல் செய்ததில்லை என்று நான் சொல்லவில்லை.

இன்னும் மூன்று வேண்டும் என்றார். அம்மாவின் கையெழுத்து, ஏனென்றால் மனுதாரர் அம்மாதான். படகில் கூட இருந்தவர் யாராவது ஒருவரின் வாக்குமூலம். மூன்றாவது, வீட்டில் அவனை இறந்தவனாக எண்ணிப் பூசையோ சடங்கோ ஏதாவது நடத்தியிருந்தால் அதற்கு ஒரு ஆதாரம். மூன்றாவது இல்லை என்றேன். “அம்மா சம்மதிக்கமாட்டாங்க. அவங்க இன்னும் காத்திருக்காங்க.” வக்கீல் அக்கா இரண்டு படிவங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார். தேநீர் வாங்கித் தந்தார். கட்டணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினேன். குழித்துறையிலிருந்து நாகர்கோவில் முப்பத்து மூன்று கிலோமீட்டர். தக்கலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத் தேநீர்க்கடையில் ஒதுங்கி, அச்செடுத்து வைத்திருந்த வரைபடத்தை ஈரம் படாமல் மேசையில் விரித்தேன். ஒரு தேநீர், இரண்டு பழம்பொரி, முப்பத்தைந்து ரூபாய். கடைக்காரர் சவூதியில் இருபது வருடம் ஓட்டுநராக இருந்தவர். எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். விசா யார் எடுத்துத் தந்தது, என்ன வேலை, சாப்பாடு கம்பெனியா என்று வரிசையாகக் கேட்டார். வேலை இல்லை, என் காசைச் செலவழித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன் என்றேன்.

“சம்பளம் இல்லாத ஊருக்கு எதுக்கு மக்கா போணும்?”

நல்ல கேள்வி. ஊர் முழுக்க இதைக் கேட்டுவிட்டது. ஜெனிஸ் சொன்ன காரணத்தைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். நானூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் போர்ச்சுக்கீசியர் எங்கள் கடற்கரைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்துப் புதுப் பெயர் வைத்தார்கள். “ஏட்டி, லிஸ்பன்ல போய் கேப்போம். எங்க பழைய பேரை எல்லாம் எழுதி வச்சிருக்கியளா, இல்ல வாற வழியில கடல்ல தூக்கிப் போட்டியளாண்ணு” என்பான். மீன் விற்ற பணத்தில் முதல் நல்ல பங்கு கிடைத்ததும் இந்த வண்டியை வாங்கினான். அவன் நடுக்கடலில் இருக்கும்போது நான் நூலகத்தில் உட்கார்ந்து பாதை எழுத வேண்டும், அவன் வந்ததும் பார்த்துத் திருத்துவான் என்பது ஏற்பாடு. அவன் திருத்தங்கள் எல்லாம் கடல் தெரியும் சாலைகளாக இருக்கும்.

இப்போது வரைபடத்தில் உள்ள பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தர் அப்பாஸிலிருந்து நேரே வடமேற்கே ஷிராஸ் போனால் சுமார் அறுநூறு கிலோமீட்டர். நான் அப்படிப் போடவில்லை. வளைகுடாக் கரையை ஒட்டியே பந்தர் லெங்கே, கங்கான், புஷேர் என்று துறைமுகம் துறைமுகமாகப் போய், அப்புறம் ஷிராஸுக்கு மேலேறுவதாகப் போட்டிருந்தேன். கூடுதலாக அறுநூறு கிலோமீட்டர். போன பதிவின் கீழே இரண்டு பேர் அக்கறையாகக் கேட்டிருந்தீர்கள்: வெயில், ஈரப்பதம், பார்க்க அதிகம் ஒன்றும் இல்லாத சாலை, எதற்கு இந்தச் சுற்று? கடல் எனக்குப் பிடிக்கும் என்று பதில் எழுதினேன்.

அது பொய். எல்லை தெரியாமல் போய் மாட்டிக்கொண்ட எங்கள் மாவட்டத்து மீனவர்கள் அந்தக் கரையோரச் சிறைகளில் மாதக்கணக்கில் இருந்து திரும்பியிருக்கிறார்கள். பெயர் மாறி, ஊர் மாறி எழுதப்பட்டு, வீட்டுக்குத் தகவலே இல்லாமல் இருந்தவர்கள் உண்டு. ஒரு கப்பல் அவனைத் தூக்கியிருக்கலாம். எங்கோ இறக்கிவிட்டிருக்கலாம். இந்த எட்டு வருடத்தில் நான் எத்தனை தூதரகங்களுக்கு எழுதினேன் என்று எண்ணவில்லை. பதில் வந்த நான்கும் மரியாதையான பதில்கள். எழுதிக் கேட்டுக் கிடைக்காததை நேரில் போய்க் கேட்கலாம் என்று தோன்றிய நாளில்தான், அவன் வண்டியை எடுத்து ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஆக, அவனைத் தேடிப் போக, அவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதை நான் வீட்டில் பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தந்திரம்தானே, அவன் திரும்பி வந்தால் சிரிப்பான் என்றும் சொல்லிக்கொண்டேன்.

மழை குறைந்தது. நாகர்கோவிலில் நெரிசல், வடசேரியைத் தாண்டவே இருபது நிமிடம். அங்கிருந்து கொட்டாரம் பதினைந்து கிலோமீட்டர். சுசீந்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், தண்ணீர் நின்றது. பன்னிரண்டு மணிக்கு தாசன் அண்ணனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். உயிரோடு மீட்கப்பட்ட எட்டுப் பேரில் அவர் ஒருவர். விபத்து நடந்த வருடமே கடல் தொழிலை விட்டு, மனைவியின் ஊரான கொட்டாரத்தில் வெல்டிங் பட்டறை போட்டுவிட்டார். ஊர்த் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. பெட்டி மாட்டும் சட்டம் அடிக்க நாகர்கோவிலில் ஆள் இல்லாமலா நான் இங்கே வந்தேன்? வாக்குமூலத்துக்காகத்தான். சட்டம் ஒரு சாக்கு.

அவர் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். கொஞ்சநேரம் பெட்ரோல் டாங்கின் மேல் கை வைத்து நின்றார். பிறகு அளவெடுத்தார். ஒரு பக்கம் இருபது கிலோ தாங்க வேண்டும், கல் சாலையில் அதிர வேண்டும், ஆனால் முறியக் கூடாது என்று விளக்கினேன்.

“லிஸ்பன் வரைக்கும் போகதுக்கு கம்பி இஞ்ச எங்க ஏட்டி கெடக்கு? இது எருமை கெட்டுக கம்பி” என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே கனமான சதுரக் குழாயை உள்ளேயிருந்து எடுத்துவந்தார். மூன்று மணி நேர வேலை. கம்பி, கூலி சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய். பிறகு கூலியை வாங்க மறுத்துவிட்டார். இரண்டு பக்கச் சட்டத்தையும் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியால் இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் குண்டும் குழியுமான சாலையில் ஆடி ஆடி முறியும். பற்றவைத்த இடங்களுக்கு இரண்டு கை பெயின்ட் அடிக்காமல் கடற்கரை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வேலை முடிந்து அவர் கை கழுவும்போது படிவத்தை நீட்டினேன். அதில் வக்கீல் அக்கா தட்டச்சு செய்திருந்தது இவ்வளவுதான்: மேற்படி நாளில் மேற்படி படகில் நான் இருந்தேன், விபத்துக்குப் பிறகு மேற்படி ஜெனிஸை நான் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, இது சரியில்லை என்றார். என்ன சரியில்லை என்று கேட்டேன்.

“பாக்கல்லண்ணு எழுதியிருக்கு. நான் பாத்தேனே.”

அவர் சொன்னதை அவர் சொன்ன அளவே எழுதுகிறேன். ஐஸ் அறையின் மூடிப் பலகையைப் பிடித்து நான்கு பேர் மிதந்தார்கள். ஜெனிஸுக்கு இடிபட்டு நெஞ்சுக்கூடு உடைந்திருந்தது. அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம் பேச்சு நின்றது. தாசன் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம்வரை பிடித்திருந்தார். உயிர் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் பிடித்திருந்தார். அப்புறம் கை விட்டுப்போனது. அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது. அவர் திகைத்துவிட்டார்.

“சொன்னேனே மக்கா. ஊர் வந்து சேந்த அண்ணைக்கே வந்து உங்க அம்மைகிட்ட சொன்னேன். உனக்கு நாலு பரிட்சை பாக்கி கெடந்துது. அது முடியட்டும் தாசா, அதுவரைக்கும் ஆருகிட்டயும் மூச்சு விடாதண்ணு அம்மைதான் சொன்னாவ. பரிட்சை முடிஞ்ச பெறகு அம்மை சொல்லியிருப்பாவண்ணுதான் நான் இத்தன வருஷம்...”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வீட்டில் யார் செத்தாலும் பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கடைசித் தாள் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். அது வரைக்கும் ஊரே சேர்ந்து முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும். எனக்கு அது எம்.ஏ. கடைசிப் பருவம். விடுதியில் இருந்தேன். காணவில்லை, தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். நான்கு தாள்களையும் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

தாசன் அண்ணன் படிவத்தின் கடைசி வரியை அடித்துவிட்டு, தான் பார்த்ததைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரைத் தாளில் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் மனைவி கூப்பிட்டார். சாப்பிடவில்லை.

மூன்றரைக்குக் கிளம்பி ஐந்து கிலோமீட்டரில் கன்னியாகுமரி. திட்டப்படி அது பயணத்தின் தொடக்கப் புள்ளி. கிளம்பும் இடத்தை ஒருமுறை புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். காற்று பலமாக இருந்ததால் பாறைக்குப் போகும் படகுகளை நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்ட சுற்றுலாக் கூட்டம் வேர்க்கடலை தின்றுகொண்டு மேகத்துக்குள் போன சூரியனைத் தேடியது. வண்டி நிறுத்தக் கட்டணம் பத்து ரூபாய். ஒன்பது நிமிடம் நின்றேன். புகைப்படம் எடுக்கவில்லை.

திரும்பக் கடற்கரைச் சாலை. ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல் வழியாக இனயம் ஐம்பத்தொரு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கடலரிப்பில் சாலை உடைந்த இடங்களில் உள்ளே சுற்றிப் போக வேண்டும். உள்ளூர்க்காரரைக் கேளுங்கள், கைப்பேசி வரைபடம் சாலை இல்லாத இடத்தில் சாலை காட்டும். வழியெல்லாம் நான் ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றிரவு அம்மா என்னிடம் என்னவோ சொல்ல ஆரம்பித்தது நினைவிருக்கிறது. நான் பேசவிடவில்லை. ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து வாசித்துக்காட்டினேன், ஏழு மாதம் கழித்து அந்நிய தேசத்துச் சிறையிலிருந்து திரும்பிய ஒருவரைப் பற்றி. மறுநாளே முதல் தூதரகக் கடிதத்தை எழுதினேன். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. உறையின் மேல் தபால் தலை ஒட்டியது அம்மாதான்.

ஐந்தே முக்காலுக்கு வீடு. அம்மா கருவாட்டுக் கூடையை மழைக்கு மூடிக்கொண்டிருந்தாள். நான் தாசன் அண்ணன் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தாசன் அண்ணனைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். எனக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“பரிட்சை முடியட்டும்ணு நெனச்சேன். அது முடிஞ்சா நீ கடுதாசி எழுதத் தொடங்கிற்றா. அதுக்குப் பதில் வரட்டும், பெறவு சொல்லுவோம்ணு நெனச்சேன். ஒண்ணுக்குப் பதில் வந்தா நீ இன்னொண்ணு எழுதுகா. நான் எந்த இடத்தில மக்கா சொல்லுகது?”

சனிக்கிழமை வண்டியைக் கழுவியது அவனுக்காக என்று நினைத்திருந்தேன். நீ ஓட்டுகிற வண்டியல்லவா, உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டால் விழுந்துவிட மாட்டாயா என்றாள். ரேஷன் அட்டையில் பெயரை எடுக்காதது, நான் பார்த்துவிடுவேன் என்று. நவம்பர் இரண்டாம் தேதி வீட்டில் இருந்தது, நான் வீட்டில் இருந்தேன் என்பதால்.

வக்கீல் அக்கா கேட்ட மூன்றாவது ஆதாரத்தைப் பற்றியும் சொன்னேன், இல்லையென்று தெரிந்தே. அம்மா உள்ளே போய் பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துவந்தாள். அதில் எட்டு ரசீதுகள். மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்தில் ஒரு நாள் அம்மா குழித்துறைச் சந்தைக்குப் போவாள். என்ன வியாபாரமோ என்று நான் கேட்டதே இல்லை. அங்கே எங்களைத் தெரியாத ஒரு மாதா கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் இருந்து பூசை கண்டுவிட்டு வருவாளாம். ஒவ்வொரு ரசீதிலும் பங்குத்தந்தை ஒருவரின் கையெழுத்தில், ‘இறந்த ஜெனிஸின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று இருந்தது. எட்டு வருடத்திலும் நாள் ஒன்றே: அவன் பேச்சு நின்ற நாள். அம்மா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். போட்டாள்.

அன்று இரவு கோப்பை அடுக்கினேன். எட்டு இன்சூரன்ஸ் தாள், எட்டுப் பூசை ரசீது. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து போகின்றன. நீதிபதி எதை முதலில் எடுத்துப் பார்ப்பார் என்று தெரியவில்லை. தாசன் அண்ணன் சொன்னது கண்கண்ட சாட்சி என்பதால் வழக்கு முன்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் முடியலாம் என்கிறார் வக்கீல் அக்கா. அவன் தொலைபேசி எண்ணுக்கு இந்த மாதம் பணம் போடவில்லை. எப்போது நிற்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை.

பயணத்தை விடவில்லை. விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். தேநீர்க்கடைக்காரரின் கேள்விக்கு இப்போது ஜெனிஸ் சொன்ன காரணம் மட்டும் மிச்சம் இருக்கிறது, பழைய பெயர்களைக் கேட்பது. அதற்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் போகலாமா? தெரியாது. “கம்பி எல்லாம் அடிச்சாச்சுல்லா, போயிட்டு வா” என்றாள் அம்மா.

இதேபோலக் கிளம்பத் திட்டமிடுகிறவர்களுக்கு, நான் தலைகீழாகச் செய்ததிலிருந்து சில. பாதையையும் விசாவையும் பெட்டியையும் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா, அண்ணன், கணவர் என்று யார் பெயரில் இருந்தாலும், அவர் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. நீதிமன்றம் வழியாகப் போக வேண்டியிருந்தால் குறைந்தது ஒரு வருடம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள எந்த ரசீதையும் எறியாதீர்கள். உங்கள் கையெழுத்தை மட்டும் போடுங்கள். ஈரான் எல்லை நிலவரம் அடிக்கடி மாறுகிறது, ஷார்ஜாப் படகின் நாட்களும் அப்படியே. கிளம்பும் வாரத்தில்தான் உறுதி செய்ய முடியும். கோடைக்கு முன், மாசி வாக்கில் அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

பாதையில் ஒரு திருத்தம் உண்டு. பழைய பதிவிலிருந்து வரைபடத்தைத் தரவிறக்கி வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளவும். பந்தர் அப்பாஸிலிருந்து கரையோரச் சாலை தேவையில்லை. நேராக ஷிராஸுக்குத் திரும்பிவிடலாம். அறுநூறு கிலோமீட்டர் குறையும்.